சத்தம் வந்தால் கோளாறு

செங்கால்குறிச்சி பேரூராட்சியில் ஆவணி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, காரியம் சரியாக நடந்தவர்களுக்கெல்லாம் குரல் போயிற்று. காரியம் கெட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர்கள் எப்போதும் போலப் பேசினார்கள். நேரத்துக்குக் கிளம்பிய திருச்செந்தூர் வண்டியின் நடத்துநர் "ரைட்" சொல்ல வாயைத் திறந்து வெறும் காற்றை விட்டார்; அதற்குப் பின்னால் டயர் பஞ்சராகி நின்ற வண்டியின் நடத்துநரோ டிப்போவில் உள்ள ஒவ்வொருவருடைய தாய் தகப்பனையும் கணீரென்று விசாரித்துக்கொண்டிருந்தார். வேறு ஊராக இருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு நாள் தொண்டையைத் தடவிப் பார்த்தார்கள், மூன்றாம் நாள் பழகிக்கொண்டார்கள். பன்னிரண்டு வருஷமாக விளக்கு எரியாத மெயின் ரோட்டில் தட்டுத் தடுமாறி நடந்து பழகியவர்களுக்கு இது ஒரு பெரிய காரியமா என்ன.

அதே நிமிஷத்தில் பேரூராட்சி அலுவலகத்துப் பின்னறையில் சண்முகக்கனி என்கிற தற்காலிக ஊழியர், யூனிக்ஸ் என்று பெயர்கொண்ட கம்ப்யூட்டரோடு மூன்று வாரம் முட்டி மோதிய பிறகு, முதல்முறையாக ஒரு கட்டளையைப் பிழையில்லாமல் அடித்திருந்தாள். ஊரில் யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள், ஆனால் வெளியே சொல்லவில்லை, சொன்னால் அதற்கும் தற்காலிக ஊழியர்தான் பொறுப்பு என்று எழுதிவிடுவார்கள்.

அந்தக் கம்ப்யூட்டர் மாவட்டத் தலைநகரிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கியது. முன்பிருந்ததில் படம் தெரியும், சுட்டியை வைத்துத் தட்டினால் திறக்கும், நிரந்தர எழுத்தர்கள் இருவரும் அதில் பதினொரு வருஷம் சீட்டாடினார்கள். புதியதில் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஒரு மூலையில் விட்டு விட்டு மின்னும் சின்னக் கட்டம், அவ்வளவுதான். இதில் சீட்டாட முடியுமா என்று எழுத்தர்கள் கேட்டார்கள், முடியாது என்று தெரிந்ததும் இருவருக்கும் ஒரே சாயங்காலத்தில் மணிக்கட்டு வலி வந்துவிட்டது. செயல் அலுவலர் கோமதிநாயகம் யோசித்தார். யோசித்து, துப்புரவுப் பிரிவில் வருகைப் பதிவு எழுதிக்கொண்டிருந்த சண்முகக்கனியைக் கூப்பிட்டார். அவள் தபால் வழியில் பி.காம் முடித்தவள், தட்டச்சில் ஹையர் பாஸானவள் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், பெட்டி கெட்டுப்போனால் பழியைத் தூக்கி வைக்க ஒரு தலை வேண்டும் என்பதுதான்.

"பங்குனி வரைக்கும் இத ஒழுங்கா ஓட்டு. ஓட்டிட்டேன்னா ஒன்ன நிரந்தரத்துக்கு எழுதுதேன்" என்றார். அப்போது அவருக்குக் குரல் இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் இதைத் தன் புருஷன் மாசானத்திடம் சொன்னாள். மாசானம் அதே பேரூராட்சியில் ஒப்பந்தத் தொழிலாளி, கழிவுத் தொட்டிக்குள் இறங்குகிறவன். மனிதனை அதற்குள் இறக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. உறிஞ்சி எடுக்கும் இயந்திரமும் அலுவலக முற்றத்தில் இருக்கிறது, அதற்கு ஆயுத பூஜைக்கு மாலை போடுவார்கள், டீசல் போட மாட்டார்கள். குழியில் இறக்குவதற்கான உத்தரவை யாரும் எழுதியதே கிடையாது, எல்லாம் வாய்மொழிதான், வாயால் சொன்னதற்கு எந்தக் கோர்ட்டில் சாட்சி இருக்கிறது.

"நீ நிரந்தரமான அன்னைக்கே நான் குழிய விட்டுருதேன்" என்றான் மாசானம்.

"அன்னைக்குச் சாயங்காலமா?"

"காலையிலயே விட்டுருதேன்."

அந்த ஒரு வாக்குக்காகத்தான் அவள் அந்தக் கறுப்புத் திரையின் முன்னால் போய் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரைப் பொருத்த வந்த இன்ஜினீயர் அரைமணி நேரம் இருந்தார், நாலு தாளைக் கொடுத்தார், ஒரு கட்டளையை அடித்துக் காட்டினார். திரை ஒன்றும் சொல்லவில்லை.

"நடந்துச்சா நடக்கலியா சார்? ஒண்ணும் சொல்லலியே."

"நடந்துச்சு. நடந்தா சொல்லாது. நடக்கலைன்னாத்தான் சொல்லும்."

"இது என்ன பழக்கம் சார்?"

"இது அப்படித்தாம்மா" என்று அவர் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

மூன்று வாரம் அது அவளிடம் ஓயாமல் பேசியது. அப்படி ஒரு கட்டளை இல்லை என்றது, அப்படி ஒரு கோப்பு இல்லை என்றது, உனக்கு அனுமதி இல்லை என்றது. பெரிய எழுத்தில் அடித்தால் தெரியாது என்றது, இடைவெளி விட மறந்தால் யார் நீ என்பதுபோலப் பார்த்தது. பேரூராட்சியில் ஐந்து வருஷம் வேலை பார்த்தவளுக்கு இந்தப் பதில்கள் எல்லாம் பழகினவையாகவே இருந்தன. பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை, குடிநீர் இணைப்புப் பட்டியலுக்கு ஒரு பிரதி எடுக்கச் சொல்லி அடித்தாள், திரை ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த வரியில் கட்டம் வந்து அமைதியாக மின்னியது. சந்தோஷத்தில் கத்த வாயெடுத்தாள். சத்தம் வரவில்லை.

ஊர் இதை எப்படி ஏற்றுக்கொண்டது என்பதைத்தான் சொல்ல வேண்டும். சட்டம் எளிமையானது: காரியம் நல்லபடியாகப் போகிறவனால் பேச முடியாது, காரியம் கெட்டவனால் பேச முடியும், பேசாமல் அடக்கிக்கொள்ளவும் முடியும். ஆகவே பேசுகிறவன் யார் என்பது நிச்சயமாகத் தெரிந்தது, பேசாதவன் யார் என்பது யாருக்கும் தெரியவில்லை. இது போதாதா எங்கள் ஆட்களுக்கு. ஒரு மாதத்துக்குள் மௌனம் கௌரவமாகிவிட்டது. கடையில் வியாபாரம் படுத்தவர்களும் உதட்டை இறுக்கிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தார்கள், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மூன்று மணி நேரம் வாய் திறக்காமல் கேசரி தின்றுவிட்டுப் போனார்கள், டாக்டரிடம் போன நோயாளிகள் நெஞ்சுவலியைச் சொல்ல வெட்கப்பட்டு வரிசையில் சாந்தமாக அமர்ந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்த பிள்ளையால் விடையைச் சொல்ல முடியாது என்பதால், வாத்தியார்கள் வாயை மூடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கெல்லாம் நூற்றுக்கு நூறு போட்டார்கள், அந்த வருஷம் செங்கால்குறிச்சி மேல்நிலைப் பள்ளி மேதைகளால் நிரம்பி வழிந்தது.

பேரூராட்சித் தலைவருக்கு மட்டும் விஷயம் புரியக் கொஞ்சம் நாளாயிற்று. புதிய தண்ணீர்த் தொட்டித் திறப்பு விழாவில் மேடையேறி நாற்பது நிமிஷம் தடங்கலில்லாமல் முழங்கினார். முழங்க முழங்கக் கூட்டம் திரும்பித் தொட்டியைப் பார்த்தது. ஐந்தாம் நாள் தொட்டியில் விரிசல் விட்டது. அதற்குப் பிறகு அவர் எந்த மேடையிலும் பேசவில்லை, மாலையைப் போட்டுக்கொண்டு கும்பிட்ட கையோடு நின்றார், சாதித்த மனுஷன் பேச மாட்டான் என்று ஜனங்கள் கண் கலங்கினார்கள்.

அலுவலகத்தில் குறை கேட்கும் நாளில் மனுவோடு வந்தவர்கள் மட்டுமே பேசினார்கள், சம்பளம் ஒழுங்காக வந்த அலுவலர்கள் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. பார்க்கப் போனால் முன்பும் அப்படித்தான் இருந்தது, இப்போது அதற்கு ஒரு காரணம் கிடைத்திருந்தது.

சண்முகக்கனியின் வீட்டில் இது வேறு மாதிரி இருந்தது. மாசானம் இயல்பிலேயே வாயாடி. நாளெல்லாம் நாற்றத்தில் நின்றுவிட்டு வந்து, குளித்து, வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். இப்போது அவன் நல்லபடியாகக் கரையேறி வந்த நாளெல்லாம் ஊமையாக வந்தான். ஒரு நாள் செருப்பு வார் அறுந்தது. அந்த இருபது நிமிஷத்தில் ஒரு வாரத்துப் பேச்சைக் கொட்டித் தீர்த்தான். அவளுக்கோ கம்ப்யூட்டரின் புண்ணியத்தில் அடிக்கடி குரல் வந்தது. பிறப்புப் பதிவேட்டில் ஆடி மாதத்தைத் தவறுதலாக அழித்துவிட்ட அன்று வீட்டுக்கு வந்து விடாமல் பேசினாள்.

"நெசமாவே அழிக்கட்டுமான்னு ஒரு வார்த்தை கேக்கல பாத்துக்கோங்க. அழின்னேன், அழிச்சிட்டு. அறுவத்து மூணு பிள்ளையள திரும்ப அடிக்கணும் நான்."

மாசானம் கன்னத்தில் கை வைத்துச் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அவளுடைய குரலைக் கேட்க அவனுக்கு அவ்வளவு ஆசை. அதற்காக அவள் ஒருமுறை வேண்டுமென்றே ஒரு கட்டளையைத் தப்பாக அடித்துவிட்டு வந்தாள். குரல் வரவில்லை, அவள் நினைத்ததுதான் நடந்துவிட்டதே. பயத்துக்கும் குரல் வராது என்பதை இருவரும் தெரிந்துகொண்டார்கள். காலையில் அவன் கிளம்பும்போது "பாத்துப் போங்க" என்று சொல்ல வாயைத் திறப்பாள், இன்னும் ஒன்றும் கெடவில்லை என்பதால் அது காற்றாகப் போகும்.

அந்த அறுபத்து மூன்று பிள்ளைகளைத் திரும்ப அடித்ததிலிருந்து அவள் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். எந்தக் கோப்பை அடித்தாலும் இன்னொரு பிரதியை வேறொரு உறையில் போட்டு வைத்தாள். அந்த உறையின் பெயரை ஒரு புள்ளியில் தொடங்கினாள், ஏனென்றால் புள்ளியில் தொடங்கும் பெயரை அந்தக் கம்ப்யூட்டர் சாதாரணமாகப் பட்டியலில் காட்டாது, எழுத்தர்கள் கை வைத்துக் கெடுக்காமல் இருக்கும். இது நாலு தாளில் இல்லை, அவளே முட்டி மோதிக் கண்டுபிடித்தது.

இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். கார்த்திகையில் வீட்டுவரிப் பட்டியல் முழுவதையும் வரிசைப்படுத்தச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் திரை அமைதியாக இருந்தது, ஆனால் கட்டம் அடுத்த வரிக்கு வரவில்லை. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். கம்ப்யூட்டர் உள்ளே எங்கேயோ சிக்கிக் கிடந்தது. இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தி அதை உலுக்கி எழுப்பிவிட்டு, நேராக வீட்டுக்கு ஓடினாள்.

அவள் ஓடியதற்குக் காரணம் இருந்தது. மாசானம் குழிக்குள் இறங்கினால் மேலே கூட்டாளி சுப்பக்குட்டி நிற்பான். அவன் மேலிருந்து "ஏய்" என்று கூப்பிடுவான், இவன் உள்ளேயிருந்து "ஓய்" என்பான், பதில் வராவிட்டால் இழுத்துப் போட வேண்டும். இதுதான் அவர்களுடைய அப்பன் காலத்திலிருந்து வழக்கம். ஆவணிக்குப் பிறகு நன்றாக இருக்கிற மாசானத்தால் "ஓய்" சொல்ல முடியவில்லை. சத்தம் இல்லை என்றால் வேலை நடக்கிறது என்று அர்த்தம், இதை எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள், சுப்பக்குட்டி உட்பட.

"சத்தம் போடலன்னா நல்லா இருக்குன்னு அர்த்தமில்ல" என்றாள் சண்முகக்கனி, மூச்சு வாங்க. "கட்டம் திரும்பி வரணும். வரலைன்னா உள்ள மாட்டிக்கிட்டுன்னு அர்த்தம். நாளையிலேருந்து இடுப்புல கயிறு கட்டிட்டு எறங்குங்க. நுப்பது எண்ணுறதுக்குள்ள ஒரு தரம் இழுத்துக் காட்டுங்க. காட்டலைன்னா சுப்பக்குட்டி அண்ணன் தூக்கிரட்டும்."

மாசானம் தலையாட்டினான். மறுநாளிலிருந்து கயிறு வந்தது, மார்கழி முழுக்கக் கயிறு அசைந்தது.

இதற்கிடையில் கோமதிநாயகத்துக்கு ஒரு சங்கடம். அவருக்கு எல்லாமே நன்றாக நடந்துகொண்டிருந்ததால் ஆவணியிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. வாய்மொழி உத்தரவு போட முடியாமல் துண்டுச் சீட்டில் எழுதினார். அவருடைய கையெழுத்து அவருக்கே விளங்காது, ஆகவே சண்முகக்கனி அதைக் கம்ப்யூட்டரில் அடித்து அச்சிட்டுச் சுப்பக்குட்டியிடம் கொடுக்க வேண்டும், வேலை முடிந்ததும் அவர் சீட்டைக் கிழிப்பார், அவளைக் கோப்பை அழிக்கச் சொல்வார், பட்டியலைத் திரையில் வரவழைத்து விரலால் தடவிப் பார்த்துத் திருப்தியாகப் போவார். தன் புருஷனைக் குழியில் இறக்கும் உத்தரவைத் தன் கையாலேயே அடித்தவள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

தை மாதம் கலெக்டர் வருவதாக இருந்தது. பேருந்து நிலையக் கழிப்பறைத் தொட்டி பொங்கி வழிந்தது. கோமதிநாயகத்தின் சீட்டு வந்தது: "மாசானத்தை நாளைக் காலை இறக்கவும். கயிறு வேண்டாம். பேருந்து நிலையத்தில் ஜனம் பார்க்கும்."

சண்முகக்கனி எதிர்க்க வாயைத் திறந்தாள், காற்று வந்தது. தாளில் எழுதினாள்: "கயிறு இல்லாமல் இறக்க வேண்டாம் சார். இயந்திரத்தை அனுப்புங்கள்."

அவர் அதன் அடியிலேயே எழுதினார்: "டீசல் இல்லை. இதுவரை ஏதாவது சத்தம் வந்ததா?"

வீட்டுக்குப் போய் அந்த உத்தரவை மாசானத்திடம் காட்டினாள், அதைக் கிழித்துப் போடும்படி கையால் சொன்னாள். அவன் எழுந்து சுவரில் தொங்கிய காலண்டரைப் புரட்டிப் பங்குனித் தாளைத் தட்டிக் காட்டினான், இரண்டு விரலை நீட்டினான். இரண்டே மாதம். சண்டை போட இருவருக்குமே குரல் இல்லை.

மறுநாள் காலை பத்தேகாலுக்குச் சண்முகக்கனி குடிநீர் இணைப்பு எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணை உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே பார்ப்பது அவள் வழக்கம், உதடு அசையும், சத்தம் வராது. நூற்றுப் பதினைந்து, நூற்றுப் பதினாறு.

"நூத்திப் பதினேழு" என்றது அறை.

எழுத்தர்கள் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள், மாட்டிக்கொண்டாயா என்று அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி. அவள் திரையைப் பார்த்தாள். கட்டம் ஒழுங்காக மின்னியது. ஒரு கட்டளையை அடித்தாள், பிழை இல்லை. "நூத்திப் பதினெட்டு" என்று சொல்லிப் பார்த்தாள், சத்தம் தெளிவாக வந்தது. கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை என்றால் அவளுக்குக் கெடுவதற்கு உலகத்தில் இன்னும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள்.

பேருந்து நிலையத்தில் கோமதிநாயகம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, குழியிலிருந்து பதினைந்தடி தள்ளி நிழலில் நின்றார். சுப்பக்குட்டி கையில் டீ டம்ளரோடு வந்துகொண்டிருந்தான்.

"எறங்கி எவ்வளவு நேரமாச்சு அண்ணே?"

"இருவது நிமிசம் இருக்கும்த்தா. சத்தம் இல்லியேன்னுதான் சாருக்கு டீ வாங்கப் போனேன்" என்றவன், தன் குரலைத் தானே கேட்டு டம்ளரைக் கீழே போட்டான்.

இருவரும் கத்தினார்கள். அங்கே இருநூறு பேர் இருந்தார்கள், இருநூறு பேருக்கும் அன்றைய பொழுது நன்றாக விடிந்திருந்தது, வாயைக் குவித்து ச்சொச்சோ என்று சத்தமில்லாமல் பரிதாபப்பட்டார்கள். ஆக்ஸில் உடைந்து நின்ற நாகர்கோவில் வண்டியின் டிரைவர் ஒருவர்தான் "வழிய விடுங்கவே" என்று அதட்டிக்கொண்டு, வண்டி இழுக்கும் கயிறும் கொக்கியுமாக வந்தார். குழிக்குள் இறங்கும் இரும்புப் படிக்குக் கீழே சரிந்து கிடந்த மாசானத்தின் பெல்ட்டில் கொக்கி மாட்டியது. மூன்று பேரும் சேர்ந்து இழுத்து அவனைத் தரையில் போட்டார்கள், தண்ணீரை ஊற்றினார்கள், டிரைவர் அவன் நெஞ்சை அழுத்தினார்.

சண்முகக்கனி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கதறினாள். "என்னப் பாருங்க, ஏங்க, இங்க பாருங்க, பங்குனி வந்துரும், கண்ணத் தொற—"

அவள் குரல் பாதி வார்த்தையில் நின்றது. வாய் திறந்தபடியே இருந்தது, சத்தம் இல்லை. அவன் நெஞ்சு அசைந்ததைப் பார்ப்பதற்கு முன்பே, அவள் ஊமையானதிலிருந்து அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

"கண்ணு எரியுது" என்றான் மாசானம்.

அப்போதுதான் கோமதிநாயகம் கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு முன்னால் வந்தார். ஜனக்கூட்டத்தைப் பார்த்து ஒரு கையை நெஞ்சில் வைத்தார். ஒரு அதிகாரி இந்த இடத்தில் நாலு வார்த்தை வருத்தம் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. தொண்டையைக் கனைத்தார், கனைப்புக்கும் சத்தம் வரவில்லை. இன்னொருமுறை முயன்றார். வெயிலில் மீன் வாயைத் திறப்பதுபோலத் திறந்து திறந்து மூடினார்.

"சாருக்கு ஒண்ணும் ஆகல" என்றான் சுப்பக்குட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி.

மாசானத்தை ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிருக்குப் பயமில்லை, நுரையீரல் பழையபடி ஆகாது என்றார்கள். மறுநாள் காலை சண்முகக்கனி அலுவலகத்துக்கு வந்தாள். கோமதிநாயகம் சீட்டோடு அவள் நாற்காலிக்குப் பின்னால் காத்திருந்தார். "நேற்றைய உத்தரவை அழிக்கவும்" என்றது சீட்டு. அழித்தாள். பட்டியலை வரவழைத்தாள். அவர் விரலால் தடவிப் பார்த்தார், அதில் ஒன்றுமில்லை, பட்டியலில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று முப்பது வருஷ உத்தியோகத்தில் அவர் நம்பப் பழகியிருந்தார். அடுத்த சீட்டை நீட்டினார்: "மாசானம் தானாகவே உள்ளே இறங்கினான் என்று ஒரு குறிப்பு தயார் செய்யவும். பங்குனியில் உன் நிரந்தரம் உறுதி." எழுதியதை அவளிடமே விட்டுவிட்டு, முன்னறைக்குப் போய் மின்விசிறிக்குக் கீழே சாய்ந்து உட்கார்ந்தார்.

சண்முகக்கனி புள்ளியில் தொடங்கும் உறையைத் திறந்தாள். ஆவணியிலிருந்து போட்ட முப்பத்தொரு உத்தரவுகளும் தேதியோடும் மணியோடும் அங்கே இருந்தன, ஒவ்வொன்றின் தலைப்பிலும் செயல் அலுவலர் கோமதிநாயகம் என்று இருந்தது. அந்தக் கம்ப்யூட்டர் தொலைபேசிக் கம்பி வழியாக மாவட்டத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. கலெக்டர் அலுவலகம், காவல் கண்காணிப்பாளர், சுற்றியுள்ள பத்தொன்பது பேரூராட்சிகள் என்று விலாசங்களை ஒவ்வொன்றாக அடித்தாள். இடைவெளி சரியாக இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தாள். இது அனுப்பட்டுமா என்று கேட்காது, திருப்பிக் கொடு என்றாலும் கொடுக்காது என்பது அவளுக்குத் தெரியும். பொத்தானை அழுத்தினாள்.

திரை ஒன்றும் சொல்லவில்லை. சற்றுக் கழித்து அடுத்த வரியில் கட்டம் வந்து மின்னியது.

முன்னறையில் கோமதிநாயகம் இன்னொரு டீ கொண்டு வரும்படி கடைக்காரனுக்குச் சைகை காட்டியபடியே, வெறுமனே உதட்டை அசைத்தார்.

"சர்க்கரை கம்மியா" என்றது அவர் குரல், அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி.

எழுத்தர்கள் தலை நிமிர்ந்தார்கள். ஐந்து மாதமாகப் புழங்காத குரல், கரகரவென்று இருந்தது. அவர் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார், எழுந்தார், மேசையில் இடித்துக்கொண்டு பின்னறை வாசலுக்கு வந்தார்.

"ஏம்மா... சண்முகக்கனி... என்னம்மா ஆச்சு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். நிரந்தரம் போயிற்று என்று அவளுக்குத் தெரியும். அதற்காவது ஒரு முனகல் வருகிறதா என்று வாயைத் திறந்து பார்த்தாள். வரவில்லை.